வேர்க்காத கை

“எங்க ஊரு வெயில்ல வேர்க்காத ஆளு ஒருத்தன் இருந்தா, அவன் செத்து ரெண்டு நாள் ஆயிருக்கும் சார்” என்றேன். சென்னையில் ஓர் ஓட்டல் அறை. மருந்துக் கம்பெனி எங்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்பு. ஏசிக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மெடிக்கல் ரெப்புகள் எல்லாரும் சிரித்தார்கள். பாடம் நடத்தியவர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்படி ஒரு ஆளைக் கண்டுபிடிக்கத்தான் உங்களை அனுப்பப்போறோம்” என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் வீடு. அப்பாவுக்குப் பருப்பு, வத்தல் வியாபாரம். கடையில் உட்காராமல் நான் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கியதில் அவருக்குக் கடைசிவரை மனக்குறை. “நம்ம சரக்க விக்கக் கூச்சம், ஊரான் சரக்க வாசல் வாசலாச் சுமக்கக் கூச்சமில்லையாக்கும்” என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் என்று பைக்கில் சுற்றி, டாக்டர்களின் வாசலில் நோயாளிகளுக்குப் பின்னால் கால் கடுக்க நின்று, இருமல் டானிக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, பேனா ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவதுதான் என் பிழைப்பு. அதற்கே பாதி டாக்டர்கள் முகம் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவனை, இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒருநாள் கூப்பிட்டு, இனிமேல் டாக்டர்களுக்குப் பாடம் எடு என்றார்கள்.

பாடம் ஒரே ஒரு நோயைப் பற்றி. மிக அபூர்வமான நோய். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர், இங்கே அது வேண்டாம். ஒருவகைக் கொழுப்பைக் கரைக்க நம் உடம்பில் ஓர் என்சைம் சுரக்கிறது. பிறவியிலேயே அது இல்லாதவர்களுக்கு அந்தக் கொழுப்பு நரம்பிலும் ரத்தக் குழாயிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துகொண்டே போகும். சின்ன வயதிலேயே உள்ளங்கையும் உள்ளங்காலும் எரியும். வேர்க்காது. அதனால் வெயில் தாங்காது. இடுப்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பில் ஊசிமுனைப் புள்ளிகள் இருக்கும். நடு வயதில் கிட்னி போகும், பிறகு இதயம். இல்லாத அந்த என்சைமை ஆய்வுக்கூடத்தில் செய்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதுதான் வைத்தியம். ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். அப்பாவின் கடையை அப்படியே விற்றுக் கொடுத்தாலும் அந்த ஊசி ஒரு வருஷத்துக்கு வராது.

அப்புறம் எதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு அலைவது? நானும் இதைத்தான் கேட்டேன். கம்பெனியின் கணக்கு எளிமையானது. நோயாளி இருக்கிறான் என்று தெரிந்தால்தான் மருந்து விற்கும். நோயாளியைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு அந்த நோய் ஞாபகம் வரவேண்டும். கல்லூரியில் ஒரு பக்க மூலையில் படித்துவிட்டு மறந்துபோன நோய் எப்படி ஞாபகம் வரும்? யாராவது போய் ஞாபகப்படுத்த வேண்டும். அந்த யாராவது நான். தாவரவியலில் பட்டம் வாங்கியவன். கையில் ஒரு பிளாஸ்டிக் கிட்னி பொம்மை, படம் போட்ட விளக்க அட்டைகள், ரத்தச் சொட்டை எடுத்து அனுப்ப ஒரு தடித்த காகிதம். இந்தப் பையோடு மூன்று மாதம் அலைந்தேன். ராஜபாளையத்தில் ஒரு டாக்டர் கிட்னி பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இத மேசையில வைக்க எனக்கு ஒண்ணு தருவீங்களா?” என்று கேட்டார். பாடம் அதோடு முடிந்தது.

வாசலில் நின்று சொன்னால் ஏறாது என்று கம்பெனிக்கும் புரிந்தது. மதுரையில் பெரிய ஓட்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து திரையில் படம் போட்டுப் பேசுவார். பேச்சு முடிந்ததும் விருந்து. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று நாங்கள் பரிமாறிய விருந்து. எங்கள் பக்கத்திலிருந்து வந்த டாக்டர்களுக்கு வேனும் நான்தான் ஏற்பாடு செய்தேன். கோழி வறுபடும் வாசனை உள்ளே வந்ததும் பாதிப் பேருக்குக் கண் திரையில் இல்லை. “இதெல்லாம் நம்ம ஊர்ல எங்கய்யா வரப்போகுது?” என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

ஒரே ஒருவர் எழுந்தார். சிவகாசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருந்த பெரியவர். அறுபதைத் தாண்டியவர். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலைத் தொழிலாளிகள்தான் அவருடைய நோயாளிகள். “எனக்கு ஒரு ஆளப் பாக்க மூணு நிமிஷம்தான் இருக்கு. நீங்க சொன்ன அம்புட்டையும் கேக்க முடியாது. ஒரே ஒரு கேள்வி சொல்லுங்க, அத மட்டும் கேக்குறேன்” என்றார். பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். “வேர்க்குமா என்று கேளுங்கள்” என்றார்.

பெரியவர் சொன்னதைச் செய்கிற மனுஷன். நான் கொடுத்த விளக்க அட்டையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து காய்ச்சலுக்கு வந்தவனிடம் கேட்டார், கால் வலிக்கு வந்தவனிடம் கேட்டார். நான் அங்கே நின்றுகொண்டிருந்த ஒருநாள் பல்வலிக்கு வந்த ஒரு அம்மாவிடம், “உனக்கு வேர்க்குமாம்மா?” என்றார். “வேர்க்காமப் பின்ன? ஏசியிலயா குடியிருக்கோம்?” என்று அந்த அம்மா வெடுக்கென்று கேட்டுவிட்டுப் போனார். டாக்டருக்கு வயசாகிவிட்டது, கேட்டதையே கேட்கிறார் என்று கடைத்தெருவில் பேச்சு. எனக்கு உள்ளுக்குள் சங்கடமாக இருந்தது. “விட்ருங்க டாக்டர், கம்பெனிக்காரன் சொல்லுவான்” என்றேன். “நீ எதுக்குய்யா பாடம் எடுத்த? சும்மா இரு” என்றார்.

ஒருநாள் மத்தியானம் அவரே போன் செய்தார். “உங்க ஆளு கிடைச்சுட்டான்யா. வா.”

சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டி என்ற கிராமத்துக்காரர் அவர். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருப்பார். ஒரு பட்டாசு ஆலையில் ரசாயனம் கலக்கும் வேலை. கை எரிச்சல் என்று பல வருஷமாக அதே கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தவர்தான். அந்தப் பக்கத்தில் கை எரிகிறது என்று யார் வந்தாலும் எந்த டாக்டரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. பட்டாசு வேலை பார்க்கிற கை, எரியத்தான் செய்யும். களிம்பு, சத்து மாத்திரை, கையை நல்லாக் கழுவு என்று ஒரு புத்திமதி. அவ்வளவுதான். அன்றைக்கு டாக்டர் தன் புதுக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் முறைத்த கேள்விக்கு இந்த மனுஷன் சிரித்தாராம்.

“ஒரு சொட்டு வேர்க்காதுங்கய்யா. அதுக்குத்தான என்னையக் கலவையில வச்சிருக்காக.”

நான் போனபோது அதை எனக்கும் ஒருமுறை சொன்னார். பெருமையாகவே சொன்னார். பட்டாசுக்கான கலவையைத் தனியாக ஒதுங்கிய ஒரு சின்ன அறையில், வெயில் ஏறுவதற்கு முன், விடிகாலையில் கையால் சலித்துக் கலப்பார்கள். அதில் போகிற அலுமினியத் தூளுக்கு ஈரம் ஆகாது. ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். சூடேறினால் அறை இருக்காது, ஆளும் இருக்கமாட்டான். அதனால் கலக்குகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள். அவருடைய ஆலையில் ஃபோர்மேன் ஒரு சோதனை வைத்திருந்தார். கலவைக்கு ஆள் எடுக்கும்போது, பட்டாசுக்குச் சுற்றுகிற சாயக் காகிதத்தில் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்லி, வெயிலில் நிறுத்துவார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் திறக்க வேண்டும். சிவப்புச் சாயம் கையில் ஒட்டியிருந்தால் வேறு வேலைக்குப் போகலாம். இவர் திறந்தபோது காகிதம் மொடமொடவென்று அப்படியே இருந்ததாம். “தங்கக் கைலே இது” என்று ஃபோர்மேன் அந்த இடத்திலேயே சொன்னாராம்.

சட்டையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். இடுப்பைச் சுற்றிப் புள்ளிகள், நான் அட்டையில் எத்தனையோ பேருக்குக் காட்டிய அதே புள்ளிகள். அவர் விரலில் குத்தி, என் பையிலிருந்த காகிதத்தில் ரத்தச் சொட்டுகளை வைத்து, நிழலில் காயவைத்துக் கூரியரில் அனுப்பினேன். சோதனையும் கம்பெனி இலவசமாகவே செய்தது. முடிவு வந்தது. அதே நோய்தான். கம்பெனிக் கூட்டத்தில் எல்லாரும் எனக்குக் கைதட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். குதிரைக்கொம்பு தேடப் போய்க் கொண்டுவந்துவிட்டான் விருதுநகர்க்காரன் என்றார்கள்.

ஆனால் புதுப்பட்டிக்காரருக்கு அப்போதே யூரினில் புரோட்டீன் போக ஆரம்பித்திருந்தது. கிட்னி கசிகிறது என்று அர்த்தம். ஊசியை உடனே ஆரம்பித்தால் கிட்னியை இருக்கிற நிலையிலேயே நிறுத்தி வைக்கலாம். போன பிறகு ஆரம்பித்தால் போனது வராது. டாக்டருக்குத் தூக்கம் போயிற்று. வசதியில்லாத சிலருக்குக் கம்பெனியே இலவசமாக மருந்து கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. நாடு முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். டாக்டர் விடாமல் எழுதினார், நான் மேனேஜரை விடாமல் நச்சரித்தேன். எழுதி எழுதிச் சலித்துப்போன சமயத்தில், ஆடி மாதம் பிறந்த வாக்கில், ஓர் இடம் கிடைத்தது.

அந்தச் சேதியைச் சொல்லப் புதுப்பட்டிக்காரரையும் அவர் மனைவியையும் டாக்டர் கிளினிக்குக்கு வரச் சொன்னார். நானும் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அன்று டாக்டர் பேசியது எனக்கு இன்றும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. சொல்லிக்கொடுத்த பாடத்தை அதைவிடத் திருத்தமாக யாரும் ஒப்பிக்க முடியாது.

“நல்லாக் கேளுப்பா. உன் கிட்னி இப்பவே லேசாக் கசியுது. இந்த ஊசிய இப்ப ஆரம்பிச்சா அத இப்படியே நிப்பாட்டிரலாம். விட்டா, போன கிட்னி திரும்பி வராது, பெறகு மிஷின்லதான் ரத்தத்தச் சுத்தம் பண்ணணும். காசு கிடையாது, கம்பெனிக்காரங்களே குடுக்காங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மதுரைக்குப் போயி ஒரு பகல் படுத்துட்டு வரணும். அம்புட்டுத்தான்.”

அந்த அம்மா அழுதுவிட்டார். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கும்புட்ட சாமி கைவிடல” என்றார். புருஷன் தலையை ஆட்டினார். மதுரைக்கு எந்த பஸ்ஸில் போவது என்றுகூடக் கேட்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் எழுந்துகொள்ளப் போனேன்.

அப்போது டாக்டர் கண்ணாடிக்கு அடியிலிருந்து விளக்க அட்டையை உருவினார். அதன் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் படம் இருந்தது. ஓடிவிட்டு வந்து நிற்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், நோயாளிக்கு நம்பிக்கை தருகிற சேதி, இதைக் கடைசியில் சொல்லச் சொல்லுங்கள் என்று சென்னை வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். டாக்டருக்கு நான் அதையும் சொல்லியிருந்தேன்.

“இன்னொரு நல்ல சேதி இருக்கு” என்றார் டாக்டர். “ஊசி ஏற ஏற, உனக்கும் எல்லாரையும்போல வேர்க்க ஆரம்பிச்சிரும்.”

புதுப்பட்டிக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேர்க்குமாங்கய்யா?”

“வேர்க்கும்.”

“கையிலயுமா?”

“கையிலயுந்தான். மனுசன்னா வேர்க்கணும்லே” என்று டாக்டர் சிரித்தார்.

மேசைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் புதுப்பட்டிக்காரர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “தீவாளி முடியட்டுங்கய்யா” என்றார்.

எங்கள் பக்கத்தில் எல்லாமே தீபாவளி முடிந்துதான். கல்யாணப் பேச்சு, வீட்டுக்கு வெள்ளை, கண் ஆபரேஷன், எதைக் கேட்டாலும் சீசன் முடியட்டும் என்பார்கள். அது ஆர்டர் குவிகிற நேரம். லாரிகள் லோடு ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் வேலையை விட யாருக்கும் மனசு வராது. முதலில் நானும் அதைத்தான் நினைத்தேன். வெளியே வந்ததும் அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “சீசனும் இல்ல ஒண்ணும் இல்ல சார். கை வேர்த்துருமேன்னு பயப்படுறாக. நீங்களாவது வீட்டுக்கு வந்து எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா ஏறாது.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே புதுப்பட்டிக்குப் போனேன். அந்த அம்மா கலர் சோடா வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். நான் கிட்னி பொம்மையை எடுத்து வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். புருஷன் மரியாதையாகக் கேட்டார். கடைசியில், “சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார்.

“எங்கய்யா காட்டு வேலைக்குப் போறவரு. சின்னதுல என்னையும் பருத்திக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு. எனக்கு வெயில் ஏறுனா உடம்பு கொதிக்கும், காலு தீயா எரியும், மயங்கி விழுந்துருவேன். நடிக்கிறான்னு அடிப்பாரு. வெயிலுக்குப் பயந்த பய, சோத்துக்குக் கேடுன்னு ஊரே சொல்லும். ஒரு வேலைக்கும் ஆகாதவன்னுதான் வளர்ந்தேன். இங்கன வந்துதான் சார் ஒருத்தர் என் கையப் பிடிச்சுப் பாத்து, இது தங்கக் கைன்னு சொன்னாரு. வெயிலுக்கு முந்தி வேலை முடிஞ்சிரும், நெழலு, யாரும் அதட்ட மாட்டாக. அந்தக் கையவா வேர்க்க வைக்கச் சொல்றீக?”

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். “கிட்னி போச்சுன்னா கலவையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அப்ப இந்தக் கைய வச்சு என்ன செய்வீங்க?” என்று சத்தம் போட்டேன்.

“அது போறப்பப் போகட்டும் சார். கலவையில ஒரு சொட்டு விழுந்தா அன்னைக்கே முடிஞ்சிரும். நான் மட்டுமா? அடுத்த ரூம்புல நாலு பேரு இருக்காக.”

அவர் சொன்னது முட்டாள்தனமாக இருந்திருந்தால் நான் திட்டியாவது திருத்தியிருப்பேன். பிளாஸ்டிக் கிட்னியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன். “சாப்பிட்டுட்டுப் போங்க சார்” என்றார் அந்த அம்மா. இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

விடுவதாக இல்லை நான். ஆலை வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஃபோர்மேனைப் பிடித்தேன். புதுப்பட்டிக்காரருக்கு வேறு வேலை கொடுக்க முடியுமா என்று கேட்டேன். ஃபோர்மேன் கெட்ட மனுஷன் இல்லை. உட்காரச் சொல்லி டீ சொன்னார். “என்ன வேலை குடுக்கச் சொல்றீக? காயப்போடுற களம் வெயிலு. லோடு ஏத்துறது வெயிலு. பேக்கிங் பொம்பளைக பாக்குறது, இவன் போய் அங்கன உக்காருவானா? கூலியும் பாதிதான. அதவிட, சீசன்ல அவன எடுத்துட்டு நான் யார வைக்க? தீவாளி முடியட்டும், நானே கூட்டிட்டு வாரேன்.” இவரும் தீபாவளி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மேனேஜருக்குப் போன் செய்து, தீபாவளி வரை அந்த இடத்தை நிறுத்தி வைக்க முடியுமா என்று கெஞ்சினேன். “உங்க ஆளுக்கு வேண்டாம்னா, வேணும்னு எத்தனையோ பேர் காத்துட்டு இருக்காங்க. ஒரு நோயாளியச் சம்மதிக்க வைக்கத் தெரியலைன்னா என்ன ட்ரெயினிங் எடுத்தீங்க?” என்றார். வந்ததே எனக்குக் கோபம். “வேர்க்கும்னு சொல்லச் சொன்னது உங்க ட்ரெயினிங்தான சார்? வேர்த்தாப் பிழைப்பு போற ஊருக்கு ஒரு அட்டை அடிச்சுக் குடுத்தீங்களா?” என்று கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார். புரட்டாசியிலேயே அந்த இடம் வேறு மாநிலத்தில் யாருக்கோ போயிற்று. யாரோ ஒருவர் பிழைத்திருப்பார், நன்றாக இருக்கட்டும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்ற ஆற்றாமை மட்டும் எனக்கு இன்றுவரை போகவில்லை.

டாக்டரிடம் நான் போய்ச் சொன்னேன். “அந்த ஒரு வரியச் சொல்லாம இருந்திருக்கலாம்யா” என்றார்.

“உண்மையத்தான சொன்னீங்க டாக்டர்.”

“உண்மைன்னுதான் சொன்னேன். அவனுக்குச் சந்தோசமா இருக்கும்னு வேற நெனச்சேன்.”

தீபாவளி முடிந்தது. புதுப்பட்டிக்காரர் வரவில்லை. தீபாவளிக்குப் பிறகு கார்த்திகை, அதற்குப் பிறகு புத்தாண்டு, கோயில் திருவிழா ஆர்டர். சிவகாசியில் சீசன் என்றைக்கு முடிந்தது? கண்ணாடிக்கு அடியில் இருந்த அட்டையை டாக்டர் எடுத்துவிட்டதை அடுத்த தடவை போனபோது பார்த்தேன். வேர்க்குமா என்று அவர் அப்புறம் யாரிடமும் கேட்டு நான் கேட்கவில்லை. கம்பெனியும் கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்தில் அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டது. இங்கே மருந்து விற்காது என்று தெரிந்த பிறகு யாருக்குப் பாடம்? நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். கிட்னி பொம்மையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் விளையாடி உடைத்தார்கள்.

வருஷங்கள் போயின. நான்கு வழிச் சாலை போட்டு மதுரைக்குப் போவது சுலபமாகியிருந்த காலம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். சித்திரை வெயில், பகல் கரண்ட் கட். ஜெனரேட்டரை மிஷின்களுக்கு மட்டும் விட்டிருந்தார்கள். வராந்தாவில் மின்விசிறி நின்று, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. டயாலிசிஸ் அறை வாசல் பெஞ்சில் ஓர் ஆள் மட்டும் விசிறாமல், நனைத்த துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் பக்கத்தில் இருந்த அந்த அம்மாதான் முதலில் என்னைக் கண்டுகொண்டார். “நல்லா இருக்கீகளா சார்? பிள்ளைகள்லாம் நல்லா இருக்காகளா?” என்று எழுந்து நின்றார். தலையில் துணி போட்டிருந்தவர் முகம் ஊதியிருந்தது, கால் வீங்கியிருந்தது. அடையாளம் தெரியாமல் நான் நின்றேன். “புதுப்பட்டி சார்” என்றார். அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கலவை வேலையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டதாம். “எனக்குப் பதிலா ரெண்டு பேர வச்சிருக்காக சார்” என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் நிமிர்ந்தது. தண்ணீர் அளந்துதான் குடிக்கிறார். அந்த வெயிலில் வேர்க்காத உடம்போடு தண்ணீரும் குடிக்காமல் இருப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும், நான் பாடம் எடுத்தவன். சிவகாசி டாக்டரைப் பற்றி விசாரித்தார். காலமாகிவிட்டார் என்றேன். “நல்ல மனுசன்” என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “அந்த ஊசி இன்னும் இருக்கா சார்?”

“இருக்கு. நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்ல.”

“தெரிஞ்சவுக யாராச்சும் இருப்பாகள்ல. ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க சார்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப வேர்த்தாப் பரவாயில்ல.”

கேட்கிறேன் என்றேன். போன கிட்னியை அந்த ஊசி திருப்பிக் கொண்டுவராது என்று பெரியவர் அன்றைக்கே சொல்லியிருந்தார். அதை மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளேயிருந்து நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். எழுந்திருக்க என் கையை விட்டவர், தன் உள்ளங்கையைப் பார்த்தார். என் வேர்வையில் அது நனைந்திருந்தது. தோளில் கிடந்த காய்ந்த துண்டை எடுத்து, உள்ளங்கையையும் விரல் இடுக்குகளையும் ஒவ்வொன்றாக, நின்று நிதானமாக, ஈரம் போகும்வரை துடைத்தார்.

“கலவைப் பழக்கம் சார், தப்பா எடுத்துக்கிடாதீக” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.